காதற் பாறைக்குக் கதை உண்டு. மோகனாங்கிக்கு வாசகர் இல்லையா?

கோணேசர் மலையின் உச்சியிலே, கடலை நோக்கியபடி ஒரு கற்றூண் நிற்கின்றது. அதிலே ஒல்லாந்து மொழியிற் பொறித்த எழுத்துக்கள் உண்டு. 1687 என்னும் ஆண்டும் உண்டு. அந்தத் தூணுக்கு ஒரு கதை உண்டு. பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்த நங்கை ஒருத்தி, தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு மனம் உடைந்து, அம்மலையுச்சியிலிருந்து கடலிற் பாய்ந்து உயிர் துறந்தாளாம். ஆகவே அவ்விடத்துக்கு ஆங்கிலத்திலே 'லவர்ஸ் லீப்' என்று பெயர். திருகோணமலைக்கு வரும் உல்லாசப் பயணிகள் அனைவர்க்கும் இக்கதை சொல்லப்படுகின்றது. வழிகாட்டி நூல்களிலே இக்கதை அச்சிடப்படுகின்றது. கடல் கடந்து வந்தவர்கள் பெருமூச்சு விட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகின்றார்கள்.

இக்கதை உண்மையா? அன்று. அந்த அம்மையார் கடலிற் பாய்ந்து மாண்டதாகச் சொல்லப்படும் நாளுக்குப் பின்னரும் உயிரோடிருந்தார் என்றும், சில ஆண்டுகள் கழித்துத் திருமணமும் செய்துகொண்டார் என்றும் பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அத்தூண்கூட போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூணே என்று சொல்வார் உளர். ஆக, பிறருடைய காதல். அதுவும் நடவாத சாவு. நம்முடைய கோயிற் கல். இம்மூன்றையும் சேர்த்துக் கட்டிய கதைக்கு நம்மூரிலே இத்துணை மரியாதை!

சில மாதங்களுக்கு முன்னர் யாம் அம்மலையிலே நின்றபோது, வழிகாட்டி ஒருவர் இக்கதையை மிக்க உருக்கத்தோடு கூறிக்கொண்டிருந்தார். அருகிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவியர் சிலர் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களிடம், "பிள்ளைகளே, திருகோணமலையிற் பிறந்த ஒருவர் எழுதிய காதற் கதை ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். "மோகனாங்கி என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா?" என்றோம். "அது ஆர், ஐயா?" என்று கேட்டாள் ஒரு பெண்.

அப்பெண்ணை யாம் குறை கூறவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. குற்றம் எம் தலைமுறையினுடையது. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று முன்னோர் சொன்னது எம்மை எண்ணித்தான் போலும்.

1895 இல் நடந்தது என்ன?

மோகனாங்கி யார் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லுகின்றோம். 1895 ஆம் ஆண்டிலே சென்னையிலே அச்சாகி வெளிவந்த நாவல் அது. அதனை எழுதியவர் திருகோணமலைத் தம்பிமுத்துப்பிள்ளையின் மகன் சரவணமுத்துப்பிள்ளை. தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்றே அறிஞர் வழங்குவர். 1865 இல் திருகோணமலையிலே பிறந்தவர். சென்னைக்குச் சென்று கற்று, மாநிலக் கல்லூரியைச் சார்ந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்திலே நூலகராய் அமர்ந்தவர். 1902 இல், முப்பத்தேழு வயதிலே, மறைந்தவர். அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையோ ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பிக்கும் பணியிலே தமிழ்நாட்டாரும் மதித்த பேரறிஞர். ஒரே வீட்டிற் பிறந்த இருவர் துறைமுகத்தை விட்டுக் கடல் கடந்து போய்த் தமிழுக்குத் தொண்டு செய்தனர். ஒருவர் பழையதைக் காத்தார். மற்றவர் புதியதைத் தொடங்கினார்.

தொடங்கினார் என்ற சொல்லை யாம் எண்ணியே எழுதுகின்றோம். தமிழிலே எழுந்த முதல் வரலாற்று நாவல் மோகனாங்கியே என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879 இல் வெளிவந்தது. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885 இல் வந்தது. 1891 இல் ஊசோன் பாலந்தை கதை வந்தது. அதனை எழுதிய இன்னாசித்தம்பியும் திருகோணமலையாரே! மேனாட்டுப் பழங்கதை ஒன்றைத் தழுவியது அது. நான்காண்டு கழித்து மோகனாங்கி வந்தது. தமிழ் நாவல் தவழ்ந்து நடை பயின்ற நாளிலே, பதினேழு ஆண்டுக் காலத்துக்குள், சின்னஞ்சிறிய துறைமுக நகர் ஒன்று இருவரை ஈன்றது. இத்தகைய பெருமையைக் கொண்டாடாத ஊர் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டோ?

அயலாரைப் பாருங்கள். வங்காளத்திலே பங்கிம் சந்திரர் துர்க்கேசநந்தினியை 1865 இல் வெளியிட்டார்; சரவணமுத்துப்பிள்ளை பிறந்த அதே ஆண்டு. மலையாளத்திலே சி. வி. இராமன்பிள்ளை மார்த்தாண்டவர்மாவை 1891 இல் வெளியிட்டார். இரண்டும் சரித்திரத்தைக் களமாகக் கொண்டு காதலை உயிராகக் கொண்ட கதைகள். வங்காளி தன் பங்கிமை மறந்தானா? மலையாளி தன் மார்த்தாண்டவர்மாவை மறந்தானா? 1933 இலேயே அதனைத் திரைப்படமாக்கினான். இன்றும் பதிப்புப் பதிப்பாக அச்சிட்டுப் படிக்கின்றான். நாலாண்டு பிந்திப் பிறந்த நம் மோகனாங்கியோ நூலகங்களின் இருட்டிலே கிடந்தாள். அண்மைக் காலத்திலே ஆர்வலர் சிலர் அரிதின் முயன்று அவளைத் தேடியெடுத்து மீண்டும் அச்சேற்றினர். அவர்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. ஆனால், அச்சேறிய நூல் வாசகன் கையேறாவிட்டால் பயன் யாது?

பெண்ணைக் கேட்டார்களா?

"நூற்றுமுப்பது ஆண்டுக்கு முந்திய காதற் கதையிலே இன்று எமக்கு என்ன இருக்கின்றது?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சரவணமுத்துப்பிள்ளை தம் கதைக்கு எடுத்துக்கொண்ட களம் நாயக்கர் காலம். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை அரச குலத்து மோகனாங்கிக்கும் உண்டான காதலே கதை. சரித்திரத்தை அறிந்தோர் இவ்விடத்திலே திடுக்கிடுவர். ஏனெனில், சரித்திரம் கூறும் செய்தி காதற் செய்தி அன்று, குருதிச் செய்தி.

சொக்கநாத நாயக்கர் 1659 முதல் 1682 வரை ஆண்டவர். தஞ்சையை ஆண்ட விசயராகவ நாயக்கரிடம் அவர் பெண் கேட்டார். விசயராகவர் மறுத்தார். 1673 இல் சொக்கநாதரின் படை தஞ்சையைச் சூழ்ந்தது. தோல்வி உறுதி என்று கண்ட விசயராகவர், அந்தப்புரத்து மகளிர் பகைவர் கையிற் படாதிருக்க வெடிமருந்து வைத்து அந்தப்புரத்தையே தகர்க்கச் செய்துவிட்டு, தாமும் மைந்தனும் களத்திலே விழுந்து மாண்டார் என்று வரலாறு கூறுகின்றது. அத்தோடு தஞ்சை நாயக்கர் ஆட்சி வேரற்றது. பின்னர்ச் சில ஆண்டுகளில் மராட்டியர் தஞ்சையைக் கைக்கொண்டனர்.

பழந்தமிழ் கற்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. புறநானூற்றிலே மகட்பாற் காஞ்சி என்று ஒரு துறை உண்டு. வேந்தன் பெண் கேட்பான், தந்தை மறுப்பான், ஊர் அழியும். புலவர் அவ்வூரின் எழிலை எண்ணி இரங்குவார். அத்துறைப் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி நெஞ்சிலே முள்ளாய்த் தைக்கும். கேட்பவன் ஆண், மறுப்பவன் ஆண், போர் செய்பவர் ஆண்கள், இரங்கிப் பாடுபவரும் பெரும்பாலும் ஆண். யார்பொருட்டு இத்தனையும் நிகழ்ந்தனவோ அந்தப் பெண்ணை யாரேனும் ஒரு சொல் கேட்டார்களா?

சங்க காலத்திலும் கேட்கவில்லை. 1673 இல் தஞ்சையிலும் கேட்கவில்லை. வெடிமருந்துக்குத் தீ வைத்தவர்கள் அந்தப்புரத்திலே இருந்தவர்களுடைய சம்மதத்தைக் கேட்டா வைத்தார்கள்?

திருகோணமலையிலிருந்து சென்ற சுவடிநிலைய நூலகர் அந்தப் பெண்ணைக் கேட்டார்! அரசர் இருவரின் பகைக்கு நடுவே அகப்பட்ட பெண்ணுக்கு ஒரு பெயர் கொடுத்தார், அவளுக்கு ஒரு விருப்பத்தைக் கொடுத்தார், அவ்விருப்பத்தையே கதையாக்கினார், அவள் பெயரையே நூலின் தலைப்பிலே பொறித்தார். சரித்திரத்தை அவர் திரித்தார் என்று குற்றம் சாட்டுவார் சாட்டுக. சரித்திரம் சொல்லாது விட்ட ஒன்றை அவர் எண்ணிப் பார்த்தார் என்பதே எமது கருத்து. ஆராய்ச்சியாளன் ஆவணம் இல்லாத இடத்திலே நின்றுவிட வேண்டும். நாவலாசிரியனோ அந்த இடத்திலேதான் தொடங்க வேண்டும்.

இஃது அவருக்குத் தற்செயலாய் வந்த எண்ணம் அன்று. மூன்றாண்டு முன்னர், 1892 இல், தத்தை விடு தூது என்னும் சிறு செய்யுள் நூலை அவர் வெளியிட்டிருந்தார். பெண் ஒருத்தி கிளியைத் தூது விடுவதாக அமைந்த நூல். அதனூடே பெண்களுக்கு மறுக்கப்பட்ட உரிமைகளை எடுத்துரைத்தார். தூது என்பது பழைய உறுப்பு. பெண்விடுதலை என்பது புதிய உயிர். அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணோடு கூடுதற்குரிய வயதெல்லையைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் இந்தியாவிலே 1891 இல் வந்தபோது, சமயம் போயிற்று, சாத்திரம் போயிற்று என்று பெரிய மனிதர்கள் கூக்குரலிட்டார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்காக இத்துணைக் கூச்சல்! அந்தக் கூச்சல் அடங்குமுன்னே, பெண்ணுக்கும் நெஞ்சம் உண்டு, அந்நெஞ்சம் தானே ஒருவனைத் தெரிந்துகொள்ளும் உரிமை உடையது என்று கதை எழுதியவர் கோழையா? வீண்பொழுது போக்குபவரா?

பெயரைப் பறித்த பாடநூல்

இனி, மோகனாங்கிக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1919 இல் அந்நாவல் சுருக்கப்பட்டு மாணவர்க்குரிய பாடநூலாக வெளிவந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதானே என்பீர்கள். பொறுங்கள். அப்பாடநூலின் பெயர் என்ன தெரியுமா? சொக்கநாத நாயக்கர்!

மோகனாங்கி என்ற பெயர் தலைப்பினின்றும் போயிற்று. அரசன் பெயர் அரியணை ஏறிற்று. பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால் பெண்ணின் பெயர் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். காதலின் பெயர் மறைந்துவிட வேண்டும். மன்னன் பெயர் மட்டும் உள்ளே போகலாம். சுருக்கியவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். மாணவர் கையில் நூல் சேர்ந்தாற் போதும் என்று எண்ணியிருக்கலாம். நோக்கத்தைப் பற்றி எமக்கு வழக்கில்லை. ஆனால், ஆசிரியர் இறந்து பதினேழு ஆண்டு சென்றபின், அவர் எந்தக் கேள்வியைக் கேட்பதற்காக நூல் எழுதினாரோ அந்தக் கேள்வியின் முகம் அட்டையிலிருந்து அழிக்கப்பட்டது என்பதை எவர் மறுக்க முடியும்? மீண்டும் ஒருமுறை பெண்ணைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்பட்டது.

காதல் அற்பப் பொருளா?

இங்கே மூன்று வகையினர் எழுந்து நின்று எம்மை மறுப்பார்கள். அவர்களை ஒவ்வொருவராகச் சந்திப்போம்.

முதலாவது வகையினர் ஒழுக்கத்தின் காவலர்கள். "காதற் கதை இளைஞரைக் கெடுக்கும்; பாடசாலையிலே நீதி நூல் போதும்" என்பார்கள். ஐயன்மீர்! எந்த நீதி நூலைச் சொல்லுகின்றீர்கள்? திருக்குறளையா? அதில் உள்ள 1330 குறளில் 250 குறள் காமத்துப்பால் அல்லவா? சங்க இலக்கியத்தையா? எட்டுத்தொகையிலே நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு என்னும் ஐந்தும் அகப்பொருள் நூல்கள் அல்லவா? இலக்கணத்தையா? தொல்காப்பியர் களவுக்கு ஓர் இயல், கற்புக்கு ஓர் இயல் என்று வகுக்கவில்லையா? மகளின் காதலைத் தோழி செவிலிக்கு எடுத்துரைப்பதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் என்ன? அறத்தொடு நிற்றல்! காதலை மறைப்பதை அன்று, அதனை உரைப்பதை அறம் என்றார்கள். அத்தகைய மரபிலே பிறந்துகொண்டு, காதற் கதையைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள் தமிழ் மரபைக் காப்பவர்கள் அல்லர்; விக்டோரியா மகாராணியார் காலத்து அச்சத்தைத் தமிழ் மரபென்று எண்ணி மயங்குபவர்கள்.

இரண்டாவது வகையினர் முற்போக்கின் பெயரால் பேசுபவர்கள். "அரசர் கதை நமக்கு எதற்கு? மீனவனைப் பற்றி எழுது, துறைமுகத் தொழிலாளியைப் பற்றி எழுது" என்பார்கள். எழுத வேண்டியதுதான், எழுதியும் இருக்கின்றார்கள். மூதூர் வ. அ. இராசரத்தினம் தோணி என்னும் சிறுகதையிலே நம் கரையோர வாழ்வின் ஏழ்மையை எழுதியதைப் படித்துக் கண் கலங்காதவர் யார்? ஆனால், ஒன்றை வாழ்த்துவதற்காக மற்றொன்றைப் புதைக்க வேண்டுமா? அரசகுலத்துப் பெண்ணுக்கே தன் வாழ்வைத் தான் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை என்றால், வலைக்காரன் மகளுக்கு எங்கே இருக்கும் என்ற கேள்வி அந்த அரசர் கதைக்குள்ளேயே இருக்கின்றதே! மகுடத்தைக் கண்டவுடன் புத்தகத்தை மூடிவிட்டால் அக்கேள்வி எப்படிக் காதில் விழும்?

மூன்றாவது வகையினர் நயம் பேசுவோர். "பழைய நடை; வடசொல் மிகுதி; இன்றைய வாசகனுக்குச் சுவைக்காது" என்பார்கள். இதிலே ஓரளவு உண்மை உண்டு; மறைக்க வேண்டியதில்லை. மோகனாங்கி தன் காலத்து நடையிலேதான் பேசுகின்றாள். முன்மாதிரி இல்லாத காலத்திலே முதல் வழி வெட்டியவன் கையிலே காயம் இருக்கத்தான் செய்யும். கல்கி 1899 இலே பிறந்தவர். மோகனாங்கி வெளிவந்து நான்காண்டுக்குப் பின். அவருடைய பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது, அவ்வாசகர்களுக்குக் கதை தேனாய் இனித்தது. இன்றும் இனிக்கின்றது. 2022 இலும் 2023 இலும் திரைப்படமாக வந்தபோது நம்மூர்ப் பிள்ளைகளும் பார்த்து மகிழ்ந்தார்கள். மகிழட்டும், யாமும் மகிழ்ந்தோம். சோழ அரண்மனையிலே குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் இடையே என்ன நிகழும் என்று தமிழுலகம் ஏங்கிக் காத்திருந்ததே, அந்த ஏக்கத்தை வரலாற்று நாவலின் வழியாகத் தமிழிலே முதன்முதல் எழுப்ப முயன்றவர் யார்? தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் களமாக்கி, அரசியலையும் காதலையும் ஒரே நூலிலே கோத்தவர் யார்? ஐம்பத்தைந்து ஆண்டு முந்திய ஒரு திருகோணமலையார் அல்லவா? ஆற்றிலே நீராடி மகிழ்பவன் ஊற்றை ஒருமுறையேனும் போய்ப் பார்க்க வேண்டாமா?

நிலைத்து நிற்பது ஏன்?

ஒரு காதற் கதை நூறாண்டு கடந்தும் ஏன் நிலைக்கின்றது? கதாநாயகியின் அழகு காரணமன்று; அழகிகள் ஆயிரம் கதைகளிலே இருக்கின்றார்கள். நடையின் இனிமையும் முழுக் காரணமன்று. நடை மாறிக்கொண்டே போகும். அக்கதை எழுப்பிய கேள்வி தீராதிருப்பதே காரணம். கேள்வி தீர்ந்துவிட்ட நாளிலே கதை பழம்பொருளாகிவிடும். தீராதவரையில் ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தன் கதையாகவே படிக்கும்.

மோகனாங்கியின் கேள்வி தீர்ந்துவிட்டதா? நம் வீடுகளைப் பாருங்கள். உட்துறைமுக வீதியிலும், உப்புவெளியிலும், பாலையூற்றிலும், மூதூரிலும் கலியாணப் பேச்சு எப்படி நடக்கின்றது? சீதன வீடு எந்தப் பக்கத்திலே, காணி எத்தனை பரப்பு, நகை எத்தனை பவுண், மாப்பிள்ளை கனடாவா இலண்டனா, குறிப்புப் பொருந்துகின்றதா, அவர்கள் என்ன ஆட்கள் என்று மணிக்கணக்காகப் பேசுகின்றார்கள். தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்கும் பெண்ணிடம், "பிள்ளை, உன்னுடைய விருப்பம் என்ன?" என்று எத்தனை வீட்டிலே கேட்கின்றார்கள்? கேட்டாலும், வேறு சாதிக்காரன் ஒருவனுடைய பெயரை அவள் சொல்லிவிட்டால் என்ன நடக்கின்றது? விசயராகவருடைய வெடிமருந்து இன்று இல்லை. ஆனால், "இந்த வீட்டுப் படியை மிதியாதே" என்று சொல்லும் தந்தையர் இல்லையா? நஞ்சுப் போத்தலைக் காட்டி மகளை மிரட்டும் தாய்மார் இல்லையா? மகளின் வாழ்வைவிடக் குலத்தின் பெயர் பெரிது என்று எண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு தஞ்சை இருக்கின்றது.

ஆகவேதான் சொல்லுகின்றோம்: மோகனாங்கி பழைய நூல் அன்று. பன்னிரண்டு மைல் தொலைவிலே எங்கோ ஒரு வீட்டிலே இன்றிரவு நடக்கும் வாக்குவாதத்தைப் பற்றிய நூல் அது.

எரிந்தவையும் மறந்தவையும்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்தக் கொடுமையை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆண்டுதோறும் நினைவு கூருகின்றோம்; கவிதை பாடுகின்றோம்; உலகத்தாரிடம் முறையிடுகின்றோம். நியாயமே. ஆனால், இங்கே கசப்பான ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எரிந்த நூல்களுக்காக அழுகின்ற நாம், எரியாமல் எஞ்சிய நூல்களை என்ன செய்தோம்? தீ வைத்தவர்கள் பிறர். தூசி படிய விட்டவர்கள் யார்? போராலும் இடப்பெயர்வாலும் நம்மூரின் ஏட்டுப் பெட்டிகளும் புத்தக அலுமாரிகளும் அழிந்தன என்பது மெய். போர் 2009 இல் முடிந்தது. அதன்பின் சென்ற ஆண்டுகளுக்கு நாம் என்ன கணக்குக் காட்டப் போகின்றோம்?

திருகோணமலை என்றவுடன் உலகத்தார்க்கு நினைவு வருவன எவை? ஆழமான துறைமுகம், சீனக்குடாவிலே வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள், கடற்படைத் தளம், வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை. துறைமுகத்தைக் கேட்டு வல்லரசுகள் வரிசையிலே நிற்கின்றன. போர்த்துக்கேயன் கேட்டான், ஒல்லாந்தன் கேட்டான், பிரெஞ்சுக்காரன் கேட்டான், ஆங்கிலேயன் கேட்டான், இன்றும் கேட்பவர்கள் இருக்கின்றார்கள். எவனும் இந்த ஊரையே ஒரு வார்த்தை கேட்டதில்லை. மோகனாங்கியின் கதையை எழுத இவ்வூரிலே பிறந்தவனைவிடத் தகுதியானவன் எவன்? தன்னைக் கேளாமலே தனக்காகப் பிறர் போரிடுவதை முந்நூறு ஆண்டு பார்த்த துறை அல்லவா இது?

செய்ய வேண்டியது

வெறும் புலம்பலோடு நிறுத்த எமக்கு விருப்பமில்லை. செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு; பெரும் பணம் வேண்டாதவை.

முதலாவது, மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலை நூலகத்திலும், ஒவ்வொரு பொது நூலகத்திலும் மோகனாங்கி இருக்க வேண்டும். ஒரு சோடி உயர்ந்த சப்பாத்தின் விலை ஒரு நூலின் விலையிலும் பலமடங்கு. கோயில் திருவிழாவின் ஒருநாள் வாணவேடிக்கைச் செலவு, மாவட்டம் முழுவதற்கும் நூல் வாங்கப் போதும். வாணவேடிக்கையும் வெடிமருந்துதான் என்பதை உபயகாரர் நினைவிற் கொள்வாராக.

இரண்டாவது, அருஞ்சொற்பொருளும் சரித்திரக் குறிப்பும் சேர்த்து மாணவர்க்கு ஏற்ற பதிப்பு ஒன்று வர வேண்டும். ஆனால், ஒரு நிபந்தனை. தலைப்பை மாற்றக்கூடாது! 1919 இற் செய்த பிழையை நூறாண்டு கழித்து மீண்டும் செய்யாதீர்கள்.

மூன்றாவது, வாசிகசாலைகளும் இலக்கிய வட்டங்களும் ஆண்டுக்கு ஒருநாளேனும் சரவணமுத்துப்பிள்ளைக்கும் இன்னாசித்தம்பிக்கும் உரியதாக்க வேண்டும். மேடையிலே பொன்னாடை போர்த்திக்கொள்வதற்காக அன்று. பக்கங்களைத் திறந்து படிப்பதற்காக. சித்திலெவ்வையையும் உடன்சேர்த்துப் படித்தால், கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் சோதரரும் தமக்குரிய பங்கை அதிலே காண்பார்கள். ஈழத்துத் தமிழ் நாவலின் தொட்டிலை ஆட்டியவர்கள் சைவர், கிறித்தவர், முஸ்லிம் என்னும் மூவருமே என்பதை அறியும் பிள்ளை, இன்று பரப்பப்படும் பகைப் பேச்சை எளிதிலே நம்பமாட்டாது.

நான்காவது, கோணேசர் மலைக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒல்லாந்த நங்கையின் கதையைச் சொல்லுங்கள், தடையில்லை. ஆனால், அவள் சாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன்பின், "ஐயாமாரே, அம்மாமாரே, எங்கள் ஊரிலே பிறந்த ஒருவர் எழுதிய மெய்யான காதற் கதை ஒன்று உண்டு" என்று தொடங்குங்கள்.

அன்று மலையுச்சியிலே "அது ஆர், ஐயா?" என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு யாம் மோகனாங்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னோம். கேட்டு முடித்தவுடன் அவள், "அந்தப் பெண்ணுக்கு என்ன விருப்பம் என்று முதலிலேயே கேட்டிருந்தால் சண்டையே வந்திராதே!" என்றாள். கல்லூரிப் பேராசிரியர் எழுதிய திறனாய்வுகளிலே எமக்குக் கிட்டாத தெளிவு அவள் சொல்லிலே இருந்தது. அவளுடைய கையிலே அந்த நூல் இல்லை. அதனைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பொறுப்பு இதைப் படிக்கும் உங்களுடையது, எழுதும் எம்முடையது.